முதிய மாலுமியை எந்தச் சந்தத்தில் பாடுவது?

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் முதிய மாலுமி கதைப்பாட்டைத் தமிழில் மேடையேற்ற நினைப்பவர் முதலில் யாப்பைத் தீர்மானித்தாக வேண்டும். வேடம், கப்பல், பறவை எல்லாம் அதற்குப் பிறகுதான். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கூத்துப் பழகும் இளைஞர்களோடு சேர்ந்து இந்தக் கதையை ஒரு மணி நேரப் பாட்டாக்கும் வேலையில் இருக்கிறோம். அகவல், விருத்தம், ஞானப்பாட்டு மெட்டு, கும்மி, நொண்டிச் சிந்து, புதுக்கவிதை என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எழுதிப் பாடிப் பார்த்தோம். எது எங்கே தாங்கியது, எது எங்கே உடைந்தது என்பதை இதே முயற்சியில் இறங்கக்கூடிய மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

கடலே கண்ணில் படாத மலையில் இந்தப் பாட்டு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. பாட்டே ஒரு மலைநடையில் தொடங்கியதுதான். 1797 நவம்பரில் இங்கிலாந்தின் குவாண்டொக் குன்றுகளில் தன் நண்பரான கவிஞர் வேர்ட்ஸ்வேர்த்தோடும் அவருடைய தங்கை டொரத்தியோடும் நடந்துகொண்டே கோல்ரிட்ஜ் இதைத் திட்டமிட்டார். மாலுமி பறவையைக் கொல்லட்டும் என்ற யோசனை வேர்ட்ஸ்வேர்த் கொடுத்தது. மறு ஆண்டு, 1798 இல், இருவரும் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பில் இதுவே முதற்பாட்டாக வந்தது. எங்களுக்கும் கடல் அந்நியமில்லை. மலையில் கோப்பி பயிரிட்ட காலத்தில் பாக்கு நீரிணையைத் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. எங்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே தலைமன்னாரில் கப்பலேறிப் போன உறவினர் இல்லாத லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) எங்கள் பக்கத்தில் அரிது. ஆகவே கதை இங்கே ஒட்டுமா என்ற சந்தேகம் எனக்கு இருந்ததில்லை. எந்த நடையில் சொன்னால் ஒட்டும் என்பதுதான் கேள்வி.

கதை எளியது. கலியாண வீட்டு வாசலில் மூன்று பேர் போகிறார்கள். ஒரு கிழவன் அவர்களில் ஒருவனைப் பிடித்து நிறுத்தித் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறான். கப்பல் தெற்கே போய்ப் பனிக்கட்டிக்குள் சிக்குகிறது. மூட்டத்துக்குள்ளிருந்து ஓர் அல்பட்ரோஸ் வருகிறது, பனி பிளந்து வழிவிடுகிறது. காரணம் ஏதுமில்லாமல் மாலுமி அந்தப் பறவையைக் குறுக்குவில்லால் எய்து கொல்கிறான். காற்று நிற்கிறது. தாகம். செத்த பறவையை அவன் கழுத்திலேயே தொங்கவிடுகிறார்கள். பேய்க்கப்பலில் இருவர் சூதாடுகிறார்கள். அதன் பின் இருநூறு பேர் ஒருவர்பின் ஒருவராக விழுந்து சாகிறார்கள், அவன் மட்டும் மிஞ்சுகிறான். தன்னையறியாமல் நீர்ப்பாம்புகளை வாழ்த்தும் கணத்தில் பறவை கழுத்திலிருந்து கழன்று கடலில் விழுகிறது. ஊர் திரும்பியும் அவனுக்கு விடுதலை இல்லை. வேளை கெட்ட வேளையில் அந்த வேதனை திரும்பி வரும். வந்தால் யாரிடமாவது கதை முழுவதையும் சொல்லியே ஆக வேண்டும்.

இதை கோல்ரிட்ஜ் ஆங்கில நாட்டார் கதைப்பாட்டின் கண்ணியில் எழுதினார். ஒரு கண்ணிக்கு நான்கு அடி. முதலடியிலும் மூன்றாமடியிலும் நான்கு அழுத்தம், இரண்டிலும் நான்கிலும் மூன்று அழுத்தம். அழுத்தங்களுக்கு நடுவே அசை ஒன்றா இரண்டா என்பதில் தாராளம் உண்டு. இரண்டாம், நான்காம் அடிகளின் முடிவு ஒலி மட்டும் ஒன்றும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: மூன்றழுத்த அடி முடிந்ததும் நாக்கு தானாகவே ஓர் அழுத்த நேரம் நிற்கும். கதை கேட்பவன் மூச்சு விடுவது அந்த இடத்தில்தான். இதற்கு மேல், நாலழுத்த அடிகள் பலவற்றின் நடுவிலும் ஓர் ஒலியொற்றுமை வைத்தார். கப்பல் விரையும் இடத்தில் வரும் அடிகள் இவை: ‘த ஃபேர் பிரீஸ் ப்ளூ, த வைட் ஃபோம் ஃப்ளூ, த ஃபரோ ஃபொலோட் ஃப்ரீ.’ ப்ளூ, ஃப்ளூ என்று உள்ளே ஒன்றுகிறது. ஃபோம், ஃப்ளூ, ஃபரோ, ஃபொலோட், ஃப்ரீ என்று முதலெழுத்தும் ஒன்றுகிறது. ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கும் இந்த ஓட்டம் காதில் விழும்.

இனி நம் பக்கம். ஆங்கிலப் பாட்டு கடைசி ஒலியைக் கொண்டு அடிகளைக் கட்டுகிறது. நம்முடைய பாட்டு முதல் ஒலியைக் கொண்டு கட்டுகிறது. எதுகையும் மோனையும் அடியின் தலையில் இருக்கும். இறுதியில் ஒன்றும் இயைபு நம் தொடைகளில் ஒன்றுதான் என்றாலும், அதைக் கட்டாயமாக்கிய பா மரபில் இல்லை. அடிக்கு உள்ளே ஒன்றி வரும் தொடைக்கு நம்மிடம் நுட்பமான பாகுபாடு உண்டு. நாற்சீர் அடியில் முதற்சீரும் மூன்றாம் சீரும் ஒன்றினால் பொழிப்பு. கோல்ரிட்ஜின் ப்ளூவும் ஃப்ளூவும் அடியை இரண்டாகப் பிளந்து ஒவ்வொரு பாதியின் வாலிலும் நிற்கின்றன. நம் பொழிப்பு அதே இரு பாதிகளின் தலையில் நிற்கிறது. எனவே அவருடைய உள் ஒலிக்குப் பதிலாக எதைத் தேடுவது என்று திகைக்க வேண்டியதில்லை. பொழிப்பு மோனையோ பொழிப்பு எதுகையோ அந்த வேலையைச் செய்துவிடும்.

அகவலை முதலில் எடுத்தோம், சொல்லுக்கு இடைஞ்சல் குறைவு என்பதால். தொடக்கம் இப்படி வந்தது:

முதுகடல் மாலுமி மூவரில் ஒருவனை
வழிமறித் தான்தன் வற்றிய கையால்

இதில் எந்தச் சொல்லும் யாப்புக்காகப் புகுந்ததில்லை. பேச்சு மாதிரியே போகும், கம்பீரமும் குறையாது. சிக்கல் ஐம்பதாம் அடிக்கு மேல் தெரியும். அகவலில் கண்ணி இல்லை, இளைப்பாறும் இடம் இல்லை. ஏழு பகுதிகளில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட அடிகள் உள்ள கதை இது. அத்தனையும் நாற்சீர் அடியாக ஓடினால் மண்டபத்தின் பின் வரிசையில் இருப்பவர் கதையின் நூலை விட்டுவிடுவார். வாசிக்கும் கண்ணுக்கு அகவல் நல்லது. கேட்கும் காதுக்கு, அதுவும் தப்புப் பறையின் சத்தம் பழகிய காதுக்கு, போதாது.

விருத்தத்தில் கைவைத்தால் அழகு உடனே வந்துவிடும். காற்று செத்து நிற்கும் கப்பலை ‘மா மா காய்’ அரையடியாக அறுசீரில் எழுதிப் பார்த்தது இது:

எங்கும் தண்ணீர் கடல்விரிய எங்கள் பலகை சுருங்கிடவே
தங்கும் காற்றும் தளர்ந்தொழியத் தாகம் நாவை வேரறுக்க
பொங்கும் செம்பு வானத்தில் புண்போல் உச்சிச் சூரியனும்
இங்கே உள்நாக் குளிர்வதற்கோ இல்லை இல்லை ஒருதுளியும்

பாடினால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இது யார் குரல்? கலியாண வீட்டு வாசலில் ஒருவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பேசும் கிழவன் நாலடிக்கும் ஒரே எதுகை தேடிக்கொண்டிருப்பானா? ‘தங்கும் காற்று’ எதுகைக்காக வந்தது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். இன்னொரு தடை, விருத்தம் நாலடியில் முடிந்தே தீரும். கோல்ரிட்ஜ் அப்படிக் கட்டுப்படவில்லை. அச்சம் ஏறும் இடத்தில் கண்ணியை ஐந்தாக, ஆறாக நீட்டுவார். மூன்றாம் பகுதியில் ஒரு கண்ணி ஒன்பது அடிவரை போகிறது: பயம் ஒரு கிண்ணத்தில் குடிப்பதுபோல் நெஞ்சின் இரத்தத்தை உறிஞ்சுகிறது, விளக்கொளியில் சுக்கான் பிடிப்பவன் முகம் வெளுத்துத் தெரிகிறது, பாயிலிருந்து பனி சொட்டுகிறது, பிறகு கீழ்வானில் கொம்புப் பிறை ஏறுகிறது, அதன் கீழ்நுனிக்குள் ஒரு வெள்ளி. அடுத்துச் சாவு வரப்போகிறது என்பதை அந்த நீட்டலே சொல்லிவிடுகிறது. நாலடியில் முடியும் யாப்பு இந்த இடத்தை இழந்துவிடும்.

ஞானப்பாட்டு மெட்டு நியாயமான யோசனைதான். ஆங்கிலக் கதைப்பாட்டின் கண்ணியும், கிறிஸ்தவப் பாமாலைகளில் எட்டு, ஆறு, எட்டு, ஆறு என்று அசையெண்ணும் பொது மெட்டும் ஒரே குடும்பம். தோட்டத்துத் தேவாலயங்களில் பாடிப் பழகியவர்களுக்கு அந்த இசை புதிதல்ல. எங்களில் ஒருவர் சில கண்ணிகளை அதில் இசைத்தும் காட்டினார். ஆனால் அழுத்தத்துக்காக அமைந்த இசையில் தமிழின் குறில் நெடில் இடம் மாறிப்போகிறது, குறிலை இழுக்க வேண்டி வருகிறது, நெடிலை விழுங்க வேண்டி வருகிறது. துதிப்பாட்டுக்கு அது பொறுக்கும், எல்லாருக்கும் சொற்கள் முன்பே தெரியும். புதுக்கதையைக் கேட்பவருக்கு ஒரு சொல் தவறினாலும் கதை தவறிவிடும்.

புதுக்கவிதையை இளைஞர் பலர் விரும்பினார்கள். மலையகத்தின் நல்ல கவிதைகள் பல இன்று அந்த வடிவில்தான் வருகின்றன. இந்தக் கதைக்கு மட்டும் அது பொருந்தாது. கலியாணத்துக்கு வந்தவன் விலகிப் போக முடியாமல் கல்லில் உட்கார்ந்து கேட்கிறான். கட்டிப்போடுவது கிழவனின் கண்ணும் பாட்டின் சந்தமும். சந்தத்தை எடுத்துவிட்டால் அவன் எழுந்து போகாததற்குக் காரணம் பாதியாகிவிடும்.

மிஞ்சியவை கும்மியும் நொண்டிச் சிந்தும். நீண்ட விவாதம் இந்த இரண்டுக்கும் நடுவேதான். இரண்டுமே விருத்தம் மாதிரி சீர் வாய்பாட்டைப் பார்த்து நடப்பவை அல்ல, தாளத்தைப் பார்த்து நடப்பவை. இரண்டிலும் ஓரடி இரண்டு அரையடியாகப் பிரியும், முன்னரை நிறைந்து நிற்கும், பின்னரை முன்னதாகவே முடிந்து இழுப்புக்கு இடம்விடும். நான்கும் மூன்றுமாக நடக்கும் ஆங்கிலக் கண்ணியின் உடல்வாகு இதில் அப்படியே இருக்கிறது. முதலில் கும்மி:

வெள்ளைப் பறவை பனியிடை வந்தது
வேளைக்கு வேளை இரைகொடுத்தோம்
துள்ளிவந் தெங்கள் குரலுக்கு நின்றது
தொட்டது பாய்மரம் தென்றலுமே

பறவை வரும் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான நடை கிடைக்காது. கை தானாகத் தட்டுகிறது, எதுகை துள்ளுகிறது, தெற்கிலிருந்து நல்ல காற்று எழுவது சந்தத்திலேயே தெரிகிறது. பிள்ளைகள் கேட்ட மாத்திரத்தில் திருப்பிப் பாடினார்கள். ஆனால் இதே கும்மியில் இருநூறு பேர் சாகும் இடத்தைப் பாடியபோது எல்லாரும் நிறுத்திவிட்டோம். கும்மிக்குள் மகிழ்ச்சி ஊறியிருக்கிறது. வட்டத்தில் நின்று கைகோத்துப் பழகிய சந்தம் அது. தனியே நிற்கும் குற்றவாளிக்கு அது உடுப்பாகாது.

நொண்டிச் சிந்தைப் பலர் பெயரால் அறிந்திருக்க மாட்டார்கள், காதால் அறிந்திருப்பார்கள். பாரதியின் ‘நெஞ்சு பொறுக்குதிலையே’ இந்தச் சந்தம்தான். முன்னரையில் மூன்று சீர், பிறகு ஒரு தனிச்சொல். பின்னரையில் மூன்று சீர், பிறகு நீட்டம். நின்றுபோன கப்பலை இதில் எழுதியபோது இப்படி வந்தது:

சித்திரக் கப்பலைப் போலே - நாங்கள்
சித்திரக் கடல்மேலே நின்றிருந்தோம்
எத்தனை நாளென்று அறியோம் - உச்சி
எரிகின்ற சூரியன் கீழிருந்தோம்

கண்ணாடி யாய்க்கடல் நிற்கும் - தம்பி
காற்றெங்கு போனதோ தெரியவில்லை
தண்ணீர் தண்ணீர் எங்கும் - ஒரு
சொட்டுநீர் நாவுக்குச் சொந்தமில்லை

இதில் ‘நின்றிருந்தோம், கீழிருந்தோம்’, ‘தெரியவில்லை, சொந்தமில்லை’ என்று கோல்ரிட்ஜின் இரண்டாம் நான்காம் அடி ஒலி இயைபாக நிற்கிறது. ‘சித்திரம், எத்தனை’, ‘கண்ணாடி, தண்ணீர்’ என்று நம் எதுகையும் தலையில் நிற்கிறது. இரண்டில் ஒன்றைக் கொன்றுதான் மற்றதை வாழவைக்க வேண்டும் என்ற கட்டாயம் எழவில்லை. எல்லாக் கண்ணியிலும் இரண்டையும் வைத்தால் சலித்துப்போகும். எதுகையைக் கட்டாயமாகவும் இயைபைக் கிடைத்த இடத்தில் மட்டும் வைப்பதாகவும் நாங்கள் எழுதுகிறோம். இரண்டடி எதுகை போதும் என்பதால் பயம் ஏறும் இடத்தில் இன்னும் இரண்டடி, இன்னும் இரண்டடி என்று நீட்டிக்கொண்டே போகலாம். அந்த ஒன்பதடிக் கண்ணிக்கும் இதில் இடம் கிடைத்துவிட்டது.

நான் மனம் பறிகொடுத்தது தனிச்சொல்லில். மூன்று சீர் முடிந்து பாட்டு கொஞ்சம் தொங்கும் இடத்தில் ‘தம்பி’ என்று வருகிறதே, அங்கேதான் கிழவன் கலியாணக்காரனின் கையைப் பிடித்திருக்கிறான். மூலத்தில் கிழவன் கையை எடுத்துவிட்டுக் கண்ணால் அவனைக் கட்டிப்போடுகிறான். பாட்டில் அந்தக் கண் எங்கே இருக்கிறது என்று தேடினால் எங்களுக்குத் தனிச்சொல்தான் கிடைத்தது. கதையின் உச்சத்தில் ‘தம்பி’ மறைந்து ‘ஐயோ’ வரலாம், ‘நானோ’ வரலாம், ஒன்றுமே வராமல் தப்பு மட்டும் ஒரு தட்டுத் தட்டலாம்.

இந்தச் சந்தத்துக்குப் பின்னால் வேறொரு நியாயமும் இருக்கிறது, என் கணக்கில் அதுவே பெரிது. நொண்டிச் சிந்து நொண்டி நாடகங்களில் வளர்ந்தது. அந்த நாடகத்தின் நாயகன் ஒரு திருடன். தாசி வீட்டில் பொருளை அழித்து, குதிரை திருடப் போய், பிடிபட்டுக் கால் வெட்டப்பட்டவன். தான் செய்ததையும் பட்டதையும் அவனே மேடையில் நின்று தன் வாயால் பாடுகிறான். கடைசியில் தெய்வத்தாலோ வள்ளலாலோ கால் பெறுகிறான். கீழக்கரைக் கடல் வணிகர் சீதக்காதியின் பெயரிலும் ஒரு நொண்டி நாடகம் இருக்கிறது. செய்த பாவத்தைச் செய்தவனே ஊர் நடுவில் நின்று பாடுவதற்கென்று நம் மொழி ஏற்கெனவே ஒரு சந்தத்தை வைத்திருக்கிறது. முதிய மாலுமிக்கு வேறெதைத் தேடுவது? ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது: நொண்டிக்குக் கால் திரும்பக் கிடைக்கிறது, மாலுமிக்கு நிம்மதி திரும்பவில்லை. ஆகவே நொண்டி நாடகத்தின் மங்கல முடிவை நாங்கள் எடுக்கவில்லை. சந்தத்தை மட்டும் எடுத்தோம்.

ஒப்பாரியைச் சேர்க்கச் சொன்னவர்கள் பலர், குறிப்பாக எங்கள் பெண்கள். இருநூறு பேர் சாகிறார்களே, ஒரு மாரடிப்பு வேண்டாமா என்றார்கள். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் ஒப்பாரி இல்லாமல் பிணம் எடுப்பது எங்களுக்குப் பழக்கமில்லை, அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். ஆனால் பாட்டு சொல்வது வேறு. அந்த மனிதர்கள் பெருமூச்சும் முனகலும் இல்லாமல் விழுகிறார்கள். மாலுமி வானத்தைப் பார்த்துச் செபிக்க முயல்கிறான், வாய் வரவில்லை, நெஞ்சு புழுதிபோல் காய்ந்து கிடக்கிறது. அழ முடியாததே அவனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை. அங்கே ஒப்பாரி வைத்தால் அவனுக்கு நாமே ஆறுதல் கொடுத்துவிடுகிறோம். ‘தனியே, தனியே’ என்று அவன் சொல்லும் கண்ணியில் பின்பாட்டு வேண்டாம், ஒற்றைக் குரல் போதும் என்று முடிவானது. அழுகை மழையோடு சேர்ந்து வரட்டும். பறவை கழன்ற பிறகுதான் பாட்டிலும் மழை பெய்கிறது.

எங்கள் முடிவு இது. கிழவன் வாய் திறக்கும் இடமெல்லாம் நொண்டிச் சிந்து. கும்மியைக் கலியாண வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்: மேடைக்குப் பின்னால் பெண்கள் கும்மியடித்துக்கொண்டே இருப்பார்கள், கதையின் சில இடங்களில் அந்தச் சத்தம் உள்ளே வந்து கலியாணக்காரனை இழுக்கும், அவன் எழுவான், தனிச்சொல் அவனை உட்கார வைக்கும். பறவை வரும் பகுதியை மட்டும் கிழவனும் கும்மியில் பாடலாம், அப்போது அவனும் ஒரு காலத்தில் மகிழ்ச்சியாய் இருந்தவன் என்பது தெரியும். விருத்தத்தை நீர்ப்பாம்புக்காக வைத்திருக்கிறோம். கூத்தில் விருத்தம் தாளமில்லாமல் இராகத்தில் வரும். கதை முழுதும் விடாமல் அடித்த தப்பு அந்த ஓரிடத்தில் நிற்க, பச்சையும் நீலமும் கறுப்புமாய்ப் பாம்புகள் நெளிய, அவன் அறியாமல் வாழ்த்து வரும்போது தாளக்கட்டு அவிழ்ந்து குரல் மட்டும் எழும்ப வேண்டும். விருத்தத்தை வேறெங்கும் பயன்படுத்தினால் இந்த இடத்தின் பலம் போய்விடும். மேலே காட்டிய அறுசீரை அதனால்தான் கைவிட்டேன், அழகாக இருந்தும்.

வசனத்துக்கும் ஒரு வேலை உண்டு. 1817 பதிப்பில் கோல்ரிட்ஜ் பாட்டின் ஓரத்தில் உரைநடைக் குறிப்புகளைச் சேர்த்தார். சில குறிப்புகள் பாட்டளவுக்கு அழகானவை. அவற்றைக் கூத்தில் கதையை அறிவிக்கும் கட்டியக்காரன் வாயில் வைக்கலாம். பகுதிக்குப் பகுதி கதை எங்கே நிற்கிறது என்று அவன் சொல்லிவிட்டால் சிந்தில் விளக்கத்தைத் திணிக்க வேண்டியிருக்காது. கடைசியில் மாலுமியைக் கரைசேர்க்க வரும் படகோட்டியின் பையன் புத்தி பேதலித்துச் சிரிக்கும் இடத்தையும் வசனத்துக்கே விட்டிருக்கிறோம், அந்தச் சிரிப்பைப் பாடினால் கூத்துக் கோமாளியின் சிரிப்பாகிவிடுகிறது.

நீளத்தைப் பொறுத்தவரை ஐந்தாம், ஆறாம் பகுதிகளில் ஆவிகள் பேசும் இடங்களைக் கட்டியக்காரனுக்குச் சுருக்கிக் கொடுப்பதில் நட்டமில்லை. முதல் நான்கு பகுதிகளைத் தொடாதீர்கள். பாட வல்ல ஒருவர்கூட இல்லாத பாடசாலை என்றால் நொண்டிச் சிந்தை இழுத்து வாசித்துக் கெடுக்காமல் அகவலை எடுங்கள். பகுதி முடியும் ஒவ்வோர் இடத்திலும் வாசிப்பவரை மாற்றினால் அகவலில் இல்லாத இளைப்பாறல் கொஞ்சம் கிடைக்கும். பாடக்கூடிய ஒருவரும் தப்படிக்கும் ஒருவரும் கிடைத்தால் சிந்துதான்; அப்போது முதலில் பழக வேண்டியது தனிச்சொல்லுக்கு முன் வரும் அந்தச் சிறு நிறுத்தம்.